வார்னிஷ் பூசிய மலை

ஒரு குரு இருந்தார், அவருக்கு ஒரு சீடர் இருந்தார். இருவரில் சீடர்தான் மூத்தவர். குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடர் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். நரைத்த தலையைத் தேடி வணக்கம் சொல்கிறவர்கள் அந்த வீட்டு வாசலில் தவறாமல் சீடருக்கே சொன்னார்கள். அவரும் வாங்கி வைத்துக்கொள்ளாமல் உள்ளே கைகாட்டிவிடுவார்.

குருவின் பெயர் மைமூன். பள்ளியில் புவியியல் ஆசிரியை. காவிரியின் கிளையொன்று கடலில் விழுவதற்குச் சற்று முன்னால், கடைமடையில் இருக்கும் சிற்றூர் அது. சனிக்கிழமை காலைகளில் அவர் வீட்டுக் கூடத்தில் சில பெற்றோர்கள் வந்து உட்காருவார்கள். மலை, பள்ளத்தாக்கு, தீவு என்று நிலத்தின் வடிவங்களை வீட்டிலேயே கையால் செய்யவைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள வருகிறவர்கள். நிபந்தனை ஒன்றுதான்: பிள்ளை செய்ததைக் கொண்டுவர வேண்டும், பெற்றவர் செய்ததைக் கொண்டுவரக் கூடாது.

இந்த நிபந்தனையை மீறியதாக இதுவரை யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

ஒருமுறை ஓர் அம்மா எரிமலை கொண்டுவந்தார். ஆப்ப சோடாவும் வினிகரும் சேர்ந்து சிவப்பு நுரை பொங்கி வழிந்தது. பையனுக்கு மட்டும் எரிமலை என்றால் என்னவென்று இன்னும் விளங்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். வினிகரை ஊற்றியது யார் என்று மைமூன் விசாரித்தார். சிந்திவிடுவானே என்று தானே ஊற்றியதாக அந்த அம்மா சொன்னார்.

"அப்ப உங்களுக்கு நல்லா விளங்கியிருக்கும்" என்றார் மைமூன்.

அன்று எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் வைரக்கண்ணு. அவர்தான் நம் சீடர்.

வைரக்கண்ணு பொதுப்பணித்துறையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர். ஆறுகளையும் வாய்க்கால்களையும் கறுப்பு மையால் இழுத்தே பாதி வாழ்க்கையைக் கழித்தவர். ஆற்றை வரைகிறவனுக்கு முதல் விரோதி தண்ணீர்தான் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. வியர்வை ஒரு சொட்டு விழுந்தால் போதும், மாதக்கணக்கில் இழுத்த கோடு ஊறிப் பரவிவிடும். அதனால் அவர் மேசைக்குப் பக்கத்தில் யாரும் டம்ளரோடு வரக் கூடாது. ஆற்றின் பெயரால் நடந்த அந்த அலுவலகத்திலேயே தண்ணீர் நுழைய முடியாத ஒரே இடம் அவருடைய மேசை.

மகளுக்காகத்தான் விருப்ப ஓய்வு வாங்கினார். வெகுநாள் கழித்துப் பிறந்தவள். நாகப்பட்டினத்து அம்மனுக்கு நேர்ந்துகொண்டு நீலாயதாட்சி என்று பெயர் வைத்தார்கள். அவள் தன் பெயரை எழுதி முடிப்பதற்குள் மற்ற பிள்ளைகள் முதல் கணக்கைப் போட்டுவிடுவார்கள் என்பதால் வீட்டில் நீலா. அவளுக்கு மூச்சிரைப்பு இருந்தது. பள்ளிக்குப் போன நாள்களைவிடப் போகாத நாள்கள் அதிகமாயின. ஒரு வருடம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அம்மா மனோன்மணி அரசு மருத்துவமனையில் நர்ஸ். அவரால் விடுப்பு எடுக்க முடியாது. வைரக்கண்ணுவால் முடிந்தது. முடிந்தது என்பதைவிட, ஆசையாக இருந்தது என்பதே சரி.

ஆரம்பத்தில் நீலா கேள்வியாகக் கேட்டாள். தீவு மிதக்குமா? மலைக்கு உள்ளே இருட்டாக இருக்குமா? ஆறு ஏன் பின்னால் போவதில்லை? பள்ளத்தாக்கை யார் தோண்டியது, கூலி யார் கொடுத்தது?

வைரக்கண்ணு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். சரியான பதில், முழுமையான பதில். துணைக்கேள்விகள் வருமே என்று அவற்றுக்கும் சேர்த்தே சொல்லிவிடுவார். இடையில் நீலா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால், வரும்வரை காத்திருந்து விட்ட இடத்தில் தொடங்குவார்.

பிறகுதான் அந்தப் பலகை வந்தது.

நான்கடிக்கு மூன்றடி பிளைவுட். அதன்மேல் மண்ணைப் பிசைந்து மலை, குன்று, பீடபூமி, பள்ளத்தாக்கு, தீவு, தீபகற்பம் எல்லாம் எழுந்தன. முன்னோர்கள் நிலத்தை ஐந்தாகப் பிரித்ததோடு திருப்தி அடைந்தார்கள். வைரக்கண்ணு பதினொன்றாகப் பிரித்திருந்தார். நீலாவுக்கும் வேலை இருந்தது. குண்டூசியில் ஒட்டிய காகிதக் கொடிகளில் பெயர் எழுதி அவர் காட்டுகிற இடத்தில் குத்த வேண்டும். ஒரு கொடி சாய்ந்துவிட்டால் அவர் கோபிக்கவே மாட்டார். தானே நிமிர்த்திவிடுவார்.

கடைசிக் கொடியைக் குத்திவிட்டு நீலா கேட்டாள்: "நம்ம வீடு எங்கப்பா?"

நம் ஊர் சமவெளி, அதில் காட்டுவதற்கு ஒன்றுமில்லை, ஆகவே பலகையை அப்படியே விட்டிருக்கிறேன் என்று அவர் விளக்கினார். மண் படாத வெறும் பிளைவுட் மூலையைத் தொட்டும் காட்டினார்.

நீலா அந்த மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதன்பின் எதுவும் கேட்கவில்லை.

அன்று மட்டுமல்ல. மறுநாளும், அடுத்த வாரமும். சொன்னதைச் செய்தாள், சொன்னதைத் திருப்பிச் சொன்னாள், ஒரு தப்பும் இல்லை. மனோன்மணி இரவு உணவின்போது மகளைக் கவனித்துவிட்டுக் கணவரிடம் தனியாகச் சொன்னார்: பிள்ளை புத்திசாலியாகிக்கொண்டு வருகிறாளா, வாயடைத்துக்கொண்டு வருகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இப்படியே இருந்தால் ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் கொண்டுபோய் விட்டுவிடுவோம். இரைப்புக்கு மருந்து இருக்கிறது, இதற்கு என்னிடம் மருந்து இல்லை.

பள்ளிக்கூடம் போகிறாயா என்று வைரக்கண்ணு மகளிடம் கேட்டார். "எங்கே இருந்தாலும் ஒண்ணுதாம்ப்பா" என்றாள் நீலா. ஒன்பது வயதுப் பிள்ளை சொல்லக்கூடிய வார்த்தை இல்லை அது.

அந்தச் சனிக்கிழமை ஓர் ஆட்டோவின் பின்சீட் முழுவதையும் பலகைக்குக் கொடுத்துவிட்டு, டிரைவருக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து வந்து சேர்ந்தார். கூடத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். எரிமலைக்கார அம்மா குனிந்து பார்த்து, இதெல்லாம் உங்கள் மகள் செய்ததா என்று வெகு அப்பாவியாகக் கேட்டார்.

"கொடி அவ குத்தினது" என்றார் வைரக்கண்ணு.

இப்போது உரக்கச் சிரிப்பது அந்த அம்மாவின் முறை. அவர் அதைத் தவறவிடவில்லை.

எல்லோரும் போனபின் வைரக்கண்ணு தரையில் உட்கார்ந்தார். தான் கேட்க வந்ததைக் கேட்டார்.

"டீச்சர், என் பொண்ணு கேள்வி கேக்கிறதை நிறுத்திட்டா. ஏன்?"

மைமூன் பலகையைச் சுற்றி வந்தார். மலையை விரலால் தட்டிப் பார்த்தார். பீங்கானைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது. உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீருடன் திரும்பினார். வைரக்கண்ணு பழக்கதோஷத்தில் எழுந்து இரண்டு கைகளாலும் பலகையை மறித்தார். பிறகு குருவாயிற்றே என்று விலகினார்.

மைமூன் மலையுச்சியில் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் எங்கும் நிற்கவில்லை. மலையில் வழுக்கி, பள்ளத்தாக்கைத் தாண்டி, பலகை விளிம்பில் கொட்டி, குருவின் கால்களை நனைத்துக்கொண்டு நிலைப்படி வரை ஓடியது. மலை பளபளவென்று அப்படியே நின்றது. ஒரு கொடிகூட நனைந்து சுருங்கவில்லை.

"மூணு கோட் வார்னிஷ்" என்றார் வைரக்கண்ணு. கவலைக்கு நடுவிலும் அவரால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "வெள்ளத்துல போட்டாலும் ஒண்ணும் ஆவாது."

"தெரியுது" என்றார் மைமூன். தரையைத் துடைக்கத் துணி எடுத்துவந்தார். துடைத்துக்கொண்டே கேட்டார்: "மண்ணு எங்கே எடுத்தீங்க அண்ணே?"

"நம்ம ஆத்தங்கரை வண்டல்தான். பிசைஞ்சா வெண்ணெய் மாதிரி இருக்கும்."

"ஆத்தங்கரைக்கு அது எப்படி வந்துச்சு?"

வைரக்கண்ணு யோசித்தார். லாரியில் வந்ததாகத் தெரியவில்லை. "எப்படின்னா... அது அங்கேயே கெடக்கிறதுதானே டீச்சர்."

இருபத்தைந்து வருடம் ஆறு வரைந்த மனிதரின் வாயிலிருந்து வந்த அந்தப் பதிலை மைமூன் திருத்தவில்லை. துணியைப் பிழிந்து கொல்லைக் கயிற்றில் காயப்போட்டுவிட்டு வந்தார்.

இன்னொரு மலை செய்ய வேண்டும் என்றார். இந்தமுறை வார்னிஷ் வேண்டாம், கொடி வேண்டாம், பலகையும் வேண்டாம், கொல்லைப்புறத்துச் சிமெண்டுத் தரை போதும். நீலா செய்யட்டும். நீங்கள் வாய் திறக்கக் கூடாது.

"அப்ப நான் எங்கே இருக்கிறது?"

"பக்கத்துலதான். வெங்காயம் உரிங்க. உரிச்சுக்கிட்டே பேச முடியாது, கண்ணு எரியும்." ஞாயிற்றுக்கிழமை தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

பலகையை அன்று திருப்பி எடுத்துப் போக வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்றும் சொன்னார். எதற்கு என்று கேட்டதற்கு, வெயில் காலத்தில் கருவாடு காயவைக்கச் சரியான பலகை என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்பது வைரக்கண்ணுவுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ஞாயிறு காலை வைரக்கண்ணு நீலாவின் முன்னால் ஒரு கூடை ஈர வண்டலை வைத்தார். மலை செய், உன் இஷ்டம் என்றார். நீலா அவர் முகத்தைப் பார்த்தாள். எந்த மலை, எவ்வளவு உயரம் என்று அவர் சொல்வதற்காகக் காத்திருந்தாள். அவர் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வெங்காயத்தை எடுத்தார்.

அவள் துவைக்கிற கல்லில் சாத்தி மலையைக் கட்டினாள். அது மலைபோல் இல்லை. சரிந்து உட்கார்ந்த எருமைபோல் இருந்தது. உச்சி ஒரு பக்கம் கோணி நின்றது. வைரக்கண்ணுவின் கை தானாக நீண்டது. வெங்காயத்தை நினைத்துத் திரும்பி வந்தது. மலையின் மேற்குச் சரிவில் ஒரு பிடி மணலை அவள் காரணமே இல்லாமல் அப்பினாள். அவர் கண்களில் நீர் வழிந்தது. மனோன்மணி சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, நாலு பேருக்குச் சமைக்க எதற்குங்க ஒரு முறம் வெங்காயம் என்று கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. அன்று வாய் திறப்பதில்லை என்பது குருவின் கட்டளை.

நீலா கை கழுவிக்கொண்டு உள்ளே போனாள். எதுவும் கேட்கவில்லை.

மத்தியானத்துக்குமேல் வானம் கறுத்தது. தென்னை மட்டைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. கோடை மழை அந்தப் பக்கத்தில் சொல்லிக்கொண்டு வருவதில்லை. முதல் சொட்டுகள் சிமெண்டில் காசு காசாக விழுந்தபோது வைரக்கண்ணு ஈஸிசேரில் கண் அசந்திருந்தார். சத்தம் கேட்டு எழுந்தவர், வீட்டில் இருந்த ஒரே குடையை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினார்.

மைமூன் வந்து சேர்ந்தபோது கண்ட காட்சி இது: சீடர் தலைமுதல் கால்வரை நனைந்து, வேட்டி உடம்போடு ஒட்டி, எருமை வடிவ மண்மேட்டுக்கு இரண்டு கைகளாலும் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால், கொல்லைக் கதவைத் தாண்டி நீலா மழைக்குள் இரண்டடி வந்துவிட்டாள். தலை நனைகிறது. மூச்சிரைப்புக்காரப் பிள்ளை. அப்பாவுக்குத் தெரியவில்லை. அவருடைய முதுகு அவள் பக்கம்.

மைமூன் செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்கு வந்தார். சீடரின் கையிலிருந்து குடையை வாங்கப் போனார். வைரக்கண்ணு விடவில்லை, பிறகு யாரென்று பார்த்துவிட்டு விட்டார்.

"மலை, டீச்சர்" என்றார்.

குரு குடையைக் கொண்டுபோய் நீலாவின் தலைக்குமேல் பிடித்தார்.

அப்போதுதான் வைரக்கண்ணு மகளைப் பார்த்தார். ஈரத் தலை, நனைந்த கவுன் விளிம்பு. மனோன்மணி உள்ளேயிருந்து துண்டைக் கொண்டுவந்து பிள்ளையின் தலையைத் துவட்டினார், முதுகில் காதை வைத்துக் கேட்டார். சத்தம் ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறது என்று நர்ஸின் குரலில் அறிவித்தார். இன்ஹேலரை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டார். நீலாவுக்கு இவையெல்லாம் எங்கோ நடப்பதுபோல் இருந்தது. அவள் கண் மலையிலேயே இருந்தது.

மழை மலையில் இறங்கிக்கொண்டிருந்தது. கோணிய உச்சி முதலில் தணிந்தது. சரிவில் மயிரிழைபோல் ஒரு கோடு விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் சாய்ந்து சாய்ந்து வந்து ஓரிடத்தில் சேர்ந்தன. சேர்ந்த இடத்துக்குக் கீழே கோடு அகலமாகி, மண்ணை அறுத்துக்கொண்டு ஆழமாக இறங்கியது. மணல் அப்பிய பக்கம் பொலபொலவென்று சரிந்தது. களி இருந்த பக்கம் அப்படிச் சரியவில்லை, மெல்ல மெல்லக் கரைந்தது. பழுப்புத் தண்ணீர் சிமெண்டுத் தரையில் நெளிந்து நெளிந்து ஓடித் தென்னைமரத்துப் பள்ளத்தில் தேங்கியிருந்த தண்ணீரைத் தொட்டது. தொட்ட இடத்தில் அதற்கு அவசரம் போய்விட்டது. கொண்டுவந்த மண்ணை மெல்ல இறக்கிவைத்து, இரண்டாகப் பிரிந்து, பிறகு நாலாகப் பிரிந்து, விசிறிபோல் விரிந்தது.

வைரக்கண்ணு இதை எத்தனையோ முறை வரைந்திருக்கிறார். நடக்கும்போது பார்த்தது இதுதான் முதல் தடவை.

"அப்பா" என்றாள் நீலா. "மலை எங்கே போவுது?"

அவர் தொண்டையில் பதில் முழுசாக வந்து நின்றது. அரிப்பு, கடத்தல், படிவு, மூன்றும் வரிசையாக, துணைக்கேள்விகளுக்கான விடைகளோடு. வாயைத் திறந்தார். குரு அவரைப் பார்க்கவில்லை, மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வைரக்கண்ணு மழைத்தண்ணீர் உள்ளே போகும் அளவுக்குத் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"தெரியலைம்மா" என்றார். "போய்ப் பாரேன்."

நீலா குடைக்கு வெளியே ஓடப் பார்த்தாள். குருவும் குடையோடு கூடவே நடக்க வேண்டியதாயிற்று. அவள் குனிந்தபோது குரு குனிந்தார், அவள் ஓடையைச் சுற்றி வந்தபோது குருவும் சுற்றி வந்தார். மலையின் அடிவாரத்தில் தொடங்கி, ஓடையோடு வளைந்து, பள்ளத்தங்கரைவரை போனாள். கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. இந்த மண் அங்கே இருந்த மண்தானா? ஏன் மணல் முன்னாலேயே நின்றுவிட்டது, களி மட்டும் இவ்வளவு தூரம் வந்தது? தண்ணீர் ஏன் நேராகப் போகாமல் இப்படி ஆடி ஆடிப் போகிறது? இன்னும் மழை பெய்தால் பள்ளம் தூர்ந்துவிடுமா? அவள் யாருடைய பதிலுக்கும் நிற்கவில்லை. ஒன்று கேட்பாள், குனிந்து பார்ப்பாள், அங்கிருந்து அடுத்ததைக் கேட்பாள்.

சமையலறை வாசலில் மனோன்மணி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். ஜூன் மாதத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. உள்ளே போய் இஞ்சி தட்டிப்போட்டு எல்லோருக்கும் டீ வைத்தார்.

மழை தூறலாகத் தணிந்தது. நீலா சமையலறைக்குள் ஓடி ஒரு புளியங்கொட்டையோடு திரும்பினாள். விரிந்து கிடந்த வண்டலின்மேல், நாலு ஓடைகளில் இரண்டுக்கு நடுவே, நன்றாக யோசித்து அதை வைத்தாள்.

"இதாம்ப்பா நம்ம வீடு."

வைரக்கண்ணு மடேரென்று ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வந்தது. பல நாள்களாகத் தோளில் எதையோ சுமந்து வந்தவர் சுமைதாங்கியில் இறக்கிவிட்டு நிற்பதுபோல் இருந்தது முகம். சற்றுக் கழித்து, பழக்கதோஷத்தில் மலையின் பக்கம் திரும்பினார். துவைக்கிற கல்லோரம் எருமையும் இல்லை, எருமையின் முதுகும் இல்லை. கைப்பிடி உயரத்துக்கு ஒரு திட்டு மட்டும் மிச்சம் இருந்தது.

"பாவம், காலையிலேருந்து உக்காந்து செஞ்சா" என்றார். "மலை கரைஞ்சே போச்சே டீச்சர்."

மைமூன் குடையை மடக்கி உதறினார்.

"மேக்கே மலை கரையாம இருந்திருந்தா, நீங்களும் நானும் இப்ப கடலுக்குள்ளதான் நிக்கணும் அண்ணே."